மாடித்தோட்டம் லாபமா, நஷ்டமா? ஒரு வருஷ நோட்டுக் கணக்கு சொல்லும் உண்மை!

"இந்தக் காசுக்கு எத்தனை கிலோ கத்திரிக்காய் வாங்கியிருக்கலாம்னு யோசிச்சீங்களா?"

போன ஆடி மாசம், 20 பைகளும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளும் மண் மூட்டையும் ஆட்டோவில் வந்து இறங்கியபோது அப்பா கேட்ட கேள்வி இது. ரிட்டயர்டு மனிதர். மளிகைச் சீட்டையே இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பவர். அம்மா சளைக்கவில்லை. "தக்காளி கிலோ 150 ரூபாய் வித்தப்போ ரசத்துக்கு ஒரு பழத்தை நாலாக் கிள்ளிப் போட்டேனே, அப்ப எங்க போச்சு உங்க கணக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால், நான் ஒரு பழைய டைரியை எடுத்துக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். சென்னை ஆதம்பாக்கத்தில் எங்களுடையது வாடகை வீடு. வீட்டில் நான்கு பேர். மொட்டை மாடியின் ஒரு மூலை மட்டும் எங்களுக்கு. வாங்கிய ஒவ்வொரு பொருளின் விலையையும், பறித்த ஒவ்வொரு காயின் எடையையும் எழுதினோம். பறிக்கிற அன்றைக்குத் தெருமுனைக் கடையில் என்ன விலையோ, அதுதான் எங்கள் காய்க்கும் விலை.

'வீட்டுத் தோட்டம் போட்டால் காய்கறிச் செலவே இருக்காது' என்று வீடியோக்களில் சொல்கிறார்களே... அது எவ்வளவு தூரம் உண்மை? ஒரு வருஷக் கணக்கைத் திறந்து பார்ப்போம்.

செலவுப் பக்கம்

பைகள் 20-க்கு 500 ரூபாய். தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் 600. செம்மண் 320. மண்புழு உரம் 300. விதை, நாற்று 200. வேப்ப எண்ணெய் 100. பூவாளி 150. பச்சை நிழல்வலை, அதைக் கட்டக் கம்பு, கூலி எல்லாம் சேர்த்து 1,200. ஆக, முதல் போட்ட பணம் 3,370 ரூபாய். அதன்பின் வருஷம் முழுக்க வாங்கிய உரம், வேப்பம் புண்ணாக்கு, மறுவிதைப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 1,180. மொத்தம் 4,550 ரூபாய்.

வரவுப் பக்கம்

20 பைகளில் 12 பைகளில் காய்கள். கத்திரி நான்கு, தக்காளி மூன்று, வெண்டை மூன்று, மிளகாய் ஒன்று, புடலை ஒன்று. வருஷத்துக்கு மொத்தம் 30 கிலோ கிடைத்தது. கத்திரிக்காய் 9 கிலோ, புடலங்காய் 8, தக்காளி 7, வெண்டை 4, மிளகாய் 2. கடை விலைக்கு இதன் மதிப்பு 1,380 ரூபாய்.

மீதி எட்டுப் பைகளில் ஐந்து அகலமான பைகள் கீரைக்கு. சிறுகீரை, அரைக்கீரை, புளிச்சக்கீரை, பாலக் என்று மாற்றி மாற்றி விதைத்தோம். மற்ற மூன்றில் கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி. கீரை மட்டும் வாரத்துக்கு இரண்டு கட்டு என்று 40 வாரங்கள் வந்தது. கட்டு 20 ரூபாய் என்றால் 1,600. வாரா வாரம் கடையில் கொடுத்துக்கொண்டிருந்த கறிவேப்பிலை, புதினா, மல்லி காசு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் மிச்சம். ஆக, எட்டுப் பைகளின் வரவு 2,600.

மொத்த வரவு 3,980. செலவு 4,550. முதல் வருஷம் 570 ரூபாய் நஷ்டம். அப்பா டைரியைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. லேசாகத் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்!

நஷ்டம் எங்கே இருக்கிறது?

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. செலவைப் பைக்குப் பை சமமாகப் பங்கு போட்டால், காய்கள் வைத்த 12 பைகளுக்கு 2,730 ரூபாய் செலவு, 1,380 ரூபாய் வரவு. அதாவது எங்கள் மாடியில் விளைந்த காய் கிலோ 91 ரூபாய் விழுந்திருக்கிறது. அதே காய்களைக் கடையில் வாங்கியிருந்தால் சராசரியாக கிலோ 46 ரூபாய். அப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

கீரையும் வாசனை இலைகளும் வைத்த எட்டுப் பைகளின் கதை வேறு. செலவு 1,820, வரவு 2,600. முதல் வருஷத்திலேயே 780 ரூபாய் லாபம். மொத்த வரவில் 65 சதவிகிதம் இந்த எட்டுப் பைகளிலிருந்து வந்தது.

ஏன் இப்படி? கத்திரிக்காய்ச் செடி பூத்துக் காய்க்க இரண்டு மாசத்துக்கு மேல் ஆகும். பை முழுக்க ஒரே செடி. ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். நடுவில் காய்ப்புழு வந்தால் போச்சு. சிறுகீரை விதைத்த 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கத்திரிக்காயை விவசாயி ஏக்கர் கணக்கில் பயிரிட்டு, லாரியில் ஏற்றி கோயம்பேட்டுக்கு அனுப்புகிறார். அந்த மொத்த விலையோடு நம்முடைய நான்கு பை போட்டி போடவே முடியாது. ஆனால், கீரையும் கொத்தமல்லியும் பறித்த சில மணி நேரத்தில் வாடும். வாடினதும் விழுந்ததும் போக மிச்சத்தில்தான் கடைக்காரர் லாபம் பார்க்க வேண்டும். அந்தக் கழிவுக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகும் பாதிக் கட்டு ஃபிரிட்ஜில் அழுகும். ஒரு கைப்பிடி மல்லிக்காக ஒரு கட்டு வாங்கி மீதியைக் குப்பையில் போடாத வீடு உண்டா? செடியில் இருக்கும் இலை அழுகாது. வேண்டியபோது வேண்டிய அளவு கிள்ளிக்கொள்ளலாம். மாடித்தோட்டத்தின் பொருளாதாரமே இந்தக் கைப்பிடிக் கணக்கில்தான் இருக்கிறது.

தக்காளி விலை ஏறினால் தோட்டம் காப்பாற்றுமா?

அம்மா தோட்டம் தொடங்கக் காரணம் 2023 ஜூலை. அந்த மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவிகிதம். காய்கறிகளின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டால், முந்தைய வருஷத்தைவிட 37 சதவிகிதம் அதிகம். தமிழக அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிய நிலை வந்தது. அதற்கு முன்பு, 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, திருமழிசைக்கு மாற்றியபோது சென்னைவாசிகள் காய்க்கு அலைந்ததும் மறந்திருக்காது. பக்கத்தில் இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள்.

இதையெல்லாம் பார்க்கும்போது, 'நெருக்கடியில் நம்ம தோட்டம் கைகொடுக்கும்' என்ற நினைப்பு வருவது இயல்பு. ஆனால், எங்கள் டைரி வேறொன்றைச் சொன்னது. தக்காளி 7 கிலோவும் தை முதல் பங்குனிக்குள் வந்து முடிந்தது. அப்போது கடையில் கிலோ 30 ரூபாய்! நம் மாடியில் தக்காளி கொழிக்கிற நேரத்தில் மதனப்பள்ளியிலும் கோலாரிலும் தக்காளி வந்துகொண்டுதான் இருக்கும். விலை ஏறுகிற ஆனி, ஆடியில் எங்கள் செடிகள் என்ன செய்தன? சித்திரை வெயிலில் பூத்த பூவெல்லாம் உதிர்ந்து, செடி வெறும் குச்சியாக நின்றது. ராத்திரியிலும் சூடு தணியாத சென்னைக் கோடையில் தக்காளிப் பூ பிஞ்சாக மாறுவது கஷ்டம். விவசாயியை அடிக்கிற அதே வெயிலும் மழையும்தான் நம் மாடியையும் அடிக்கிறது. பல நேரம் நமக்கு இன்னும் அதிகமாக. ஏனென்றால், நம் செடி நிற்பது சூடான கான்கிரீட் மேல்.

அதனால், தக்காளி விலைக்கு மாடித்தோட்டம் நல்ல காப்பீடு கிடையாது. வண்டி வராத நாளில், கடை திறக்காத வாரத்தில் ஒரு கீரைக் குழம்புக்கும் துவையலுக்கும் அது நிச்சயம் உத்தரவாதம். அந்த அளவோடு எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

டைரியில் எழுதாத செலவுகள்

முதலில் தண்ணீர். 20 பைக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர், கோடை மூன்று மாசம் 40 லிட்டர் என்று வைத்தால், வருஷத்துக்கு 9,000 லிட்டரைத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட ஒரு தண்ணி லாரி! எங்கள் ஏரியாவில் தனியார் லாரி 1,500 ரூபாய்க்குக் குறையாது. நாங்கள் அந்தக் காசு கொடுக்கவில்லை. காரணம், போர் தண்ணீர். மோட்டார் கரன்ட் பில் ஹவுஸ் ஓனருடையது. எங்கள் டைரியில் இல்லாததால் அந்தச் செலவு இல்லை என்று ஆகிவிடாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு சென்னை தெருவில் நின்றதே, அந்த மாதிரி ஒரு வருஷத்தில் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் ஒரு பக்கெட்டில் சேர்த்ததில், தினமும் ஆறேழு லிட்டர் மிச்சமானது. ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீரும் உதவும். ஆர்.ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரில் உப்பு அதிகம். அதையே நம்பிச் செடி வளர்க்க வேண்டாம்.

அடுத்து, நேரம். காலையில் தண்ணீர், வாரத்தில் ஒரு நாள் உரம், பூச்சி பார்ப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சராசரியாக 20 நிமிஷம். வருஷத்துக்கு 120 மணி நேரத்துக்கு மேல். முதல் போட்ட பணத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டாவது வருஷமும் இதே விளைச்சல் என்று வைத்துக்கொண்டால் 2,800 ரூபாய் மிஞ்சும். மணிக்கு 23 ரூபாய்! தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். "கூலிக்கு ஆள் வெச்சா கட்டுப்படி ஆகாது. பிடிச்சு செய்றவங்களுக்குத்தான் தோட்டம்" என்கிறார் அம்மா. வீட்டில் இந்த 20 நிமிஷத்தைக் கொடுப்பது பெரும்பாலும் அம்மாக்கள்தான் என்பதையும், அந்த உழைப்பை யாரும் செலவில் எழுதுவதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என் முறை.

மூன்றாவதுதான் எங்களைத் தூங்கவிடாத விஷயம். மாசியில் ஒரு நாள் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி மாடிக்கு வந்தார். "மேல் வீட்டு சீலிங்ல ஈரம் தெரியுதும்மா. பையை எல்லாம் எடுத்துடுங்க" என்றார். ஈரமான ஒரு பை 15 கிலோவுக்குக் குறையாது. தரையோடு ஒட்டி வைத்தால் அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கும். ஆன்ட்டி சொன்னதில் தப்பில்லை. ஆனால், அன்றைக்கு அம்மா முகம் வாடியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரசு தரும் தளை யாருக்கு?

தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14-லேயே 'நீங்களே செய்து பாருங்கள்' என்ற பெயரில் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள், வேப்ப எண்ணெய் எல்லாம் அடங்கிய மாடித்தோட்டத் தளையை மானிய விலையில் தருகிறார்கள். எங்கள் கணக்கில் முதல் வருஷத்தை நஷ்டத்தில் தள்ளியது ஆரம்பச் செலவுதான் என்பதால், இந்த மானியம் உண்மையாகவே உதவும். தொடங்க நினைப்பவர்கள் முதலில் தோட்டக்கலைத் துறையின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

ஆனால், பணமும் பையும் கொடுத்தால் மட்டும் போதாது. மொட்டை மாடி யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி. சொந்த வீட்டுக்காரருக்கு இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் ஓனர் மனசு வைத்தால்தான் உண்டு. பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குத் தலைக்கு மேல் இருப்பது பொது மாடி. மாசம் 200 ரூபாய் மிச்சமானாலும் அது பெரிய விஷயம் என்று நினைக்கிற குடும்பங்களுக்குத்தான் இடம் இல்லை. பொது மாடிகளில் குழுவாகக் கீரைப் பாத்தி போட அனுமதியும், கசியாத தாங்கிகளும், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் கொடுத்தால் அந்த மானியம் சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும்.

காசில் அடங்காத வரவு

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி, அதில் 50 கிராம் கீரை என்று சொன்னது. நான்கு பேர் வீட்டுக்கு மாசம் 36 கிலோ. எங்கள் 12 பைகள் ஒரு வருஷம் முழுக்கக் கொடுத்த காய் 30 கிலோதான். ஒரு மாசத் தேவைக்குக்கூடக் காணவில்லை. 'காய்கறிச் செலவே இருக்காது' என்ற பேச்சு இந்த ஓர் எண்ணிலேயே அடிபட்டுப் போகிறது.

கீரையைப் பாருங்கள். நான்கு பேருக்கு வாரத்துக்கு 1,400 கிராம் வேண்டும். இரண்டு கட்டு என்பது சுத்தம் செய்த பிறகு ஏறக்குறைய அரை கிலோ. தேவையில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தே ஐந்து பைகளிலிருந்து! முன்பு வாரத்துக்கு ஒரு நாள் கீரை வாங்குவதே அபூர்வம். இப்போது செடி நிற்கிறதே என்று சமைக்கிறோம். தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கீரை மட்டுமே அதற்கு மருந்து என்று சொல்ல வரவில்லை. ஆனால், தட்டில் கீரை கூடுவது நல்லதுதானே?

சமையலறைக் கழிவும் மாடிக்குப் போகிறது. ஒரு பழைய டிரம்மில் காய்த் தோலும் காய்ந்த இலையும் போட்டு மக்கவைத்ததில், இரண்டாவது வருஷம் உரச் செலவு பாதியாகக் குறையும் என்று தெரிகிறது. எங்கள் டைரியில் அது சில நூறு ரூபாய். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகள் வரை அதைச் சுமந்து செல்லும் மாநகராட்சிக்கும் ஒரு செலவு மிச்சம்.

'மருந்தடிக்காத காய்க்கு இரட்டை விலை போட வேண்டாமா?' என்று சிலர் கேட்கலாம். ஆர்கானிக் கடையில் வழக்கமாக வாங்குகிற வீடாக இருந்தால் தாராளமாகப் போடலாம். அவர்களுக்கு எங்கள் கணக்கைவிட லாபம் அதிகம். வாங்காத வீடு அந்த விலையைப் போட்டால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 20 பைகளோடு ஆரம்பிக்காதீர்கள். ஐந்தாறு பை போதும். முதலில் கீரை, கறிவேப்பிலை, புதினா. பால்கனியில் மூன்று, நான்கு மணி நேர வெயில் விழுந்தாலே கீரை வரும். அதற்குப் பிறகு ஒரு மிளகாய்ச் செடி. கத்திரியும் தக்காளியும் ஆசைக்கு ஒன்றிரண்டு வைக்கலாம், தப்பில்லை. ஆனால், அது மிச்சம் பிடிக்க அல்ல, பறிக்கிற சந்தோஷத்துக்கு என்று தெரிந்தே வையுங்கள். வாடகை வீடு என்றால் பை வாங்கும் முன்பே ஓனரிடம் பேசிவிடுங்கள். பைகளைத் தரையில் வைக்காமல், தண்ணீர் வடிந்து ஓடும்படி தாங்கி மேல் வையுங்கள்.

எங்கள் வீட்டில் என்ன ஆனது? அம்மாவும் ஆன்ட்டியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பைகள் பத்தாகக் குறைந்தன. கிடந்த செங்கல்லையும் பழைய கடப்பா பலகையையும் வைத்து அப்பாவே தாங்கி அமைத்தார். எட்டுப் பை கீரைக்கும் வாசனை இலைகளுக்கும். ஒன்று மிளகாய். ஒன்று மட்டும் கத்திரி. வாரம் ஒரு கட்டுக் கீரை ஆன்ட்டி வீட்டுக்குப் போகிறது. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 800 ரூபாய். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அப்பாவிடம் கேட்டேன்.

"மோட்டார் கரன்ட்டுனு எழுதிக்கோ" என்றார்.